பழைய பம்ப், சைக்கிள் செயின், எவர்சில்வர் பாத்திரத்தில் காங்கயம் காளைச் சிற்பம்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: கோயம்புத்தூரில் இருக்கிறேன். பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் பம்ப் பாகம், சைக்கிள் செயின், பாத்திரங்களை வைத்து 3 அடி உயரக் காங்கயம் காளை செய்ய ஆசை. ஆர்க் வெல்டிங் ஓரளவு வரும். சுபோத் குப்தா மாதிரி சிற்பிகள் எப்படிச் செய்கிறார்கள்? எதில் ஆரம்பிக்கலாம்?

பதில்:

சாமான் வாங்கப் போவதற்கு முன்னால், எதை எதோடு எப்படி இணைக்கப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்துவிடுங்கள். இந்த வகைச் சிற்பத்தில் உருவத்துக்குக் குணம் கொடுப்பது இணைப்புதான்.

கானாவில் பிறந்த எல் அனாட்சுயி மது பாட்டில்களின் அலுமினிய மூடிகளைத் தட்டி மடித்து, ஓட்டை போட்டு, செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று தைக்கிறார். தைத்திருப்பதால் அவ்வளவு பெரிய உலோகப் பரப்பும் சேலை மாதிரி மடிந்து தொங்குகிறது. ஒவ்வொரு முறை மாட்டும்போதும் மடிப்பு மாறுகிறது. அதையே வெல்டு வைத்திருந்தால் விறைத்த தகடாகியிருக்கும். 2015 வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சியில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்க விருது அவருக்குத்தான். அமெரிக்கச் சிற்பி டாரா டோனவன் 1996இல் ஆயிரக்கணக்கான பல்குச்சிகளை ஒரு கனசதுரமாக நிறுத்தினார். அதில் பசையே கிடையாது. உராய்வும் எடையும்தான் பிடித்து நிற்கின்றன. சுபோத் குப்தா 2006இல் செய்த பிரம்மாண்ட மண்டையோட்டில் வெளியே தெரிவதெல்லாம் எவர்சில்வர் சட்டியும் குண்டாவும். எடையைத் தாங்குவது உள்ளே இருக்கும் எஃகுச் சட்டம். உங்கள் காளைக்கும் இதே கணக்குதான். எலும்பு வேறு, தோல் வேறு. பாத்திரத்தின் மேல் பாத்திரமாக வெல்டு வைத்துக்கொண்டே போனால் நாலாவது நாள் கால் வளையும்.

அடுத்து, கையில் இருக்கும் இரும்பு என்ன இரும்பு என்று தெரியவேண்டும். கிரைண்டரில் ஒரு மூலையைத் தொட்டுப் பாருங்கள். எம்.எஸ். (மைல்டு ஸ்டீல், சாதாரணக் கம்பி இரும்பு) என்றால் பொறி நீளமாக, மஞ்சள் வெள்ளையாகக் கோடு போட்டு ஓடும். வார்ப்பிரும்பு என்றால் குட்டையாக, மங்கின சிவப்பாக விழும். டிரில் போட்டாலும் தெரியும்: எம்.எஸ். சுருள் சுருளாக வரும், வார்ப்பு கருந்தூளாக உதிரும். பம்ப் கேசிங் (வெளிக்கூடு), மோட்டார் பாடி, பழைய இம்பெல்லர் (உள்ளே சுழலும் சக்கரம்) எல்லாம் பெரும்பாலும் வார்ப்பு. நம் ஊரில் மலிவாகக் கிடைப்பதும் அதுதான், புதிதாகச் செய்பவர்கள் தோற்பதும் அதில்தான்.

வார்ப்பிரும்பில் கரி (கார்பன்) 2 முதல் 4 சதவீதம் வரை உண்டு. சாதாரண 6013 வெல்டிங் ராடில் வெல்டு வைத்தால் அப்போதைக்குப் பிடித்த மாதிரி இருக்கும். ஆறும்போது வெல்டை ஒட்டிய ஓரம் கண்ணாடி மாதிரி கெட்டியாகி, 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். மயிரிழை விரிசல் விழுந்துவிட்டது என்று அர்த்தம். மேலே மேலே ராடு உருக்கினால் விரிசலும் கூடவே நீளும். வெல்டுதான் வேண்டும் என்றால் நிக்கல் ராடு வாங்குங்கள். விலை அதிகம், ஆனால் இரண்டு மூன்று ராடு போதும். ஒரு தடவைக்கு 25 மி.மீ. நீளத்துக்கு மேல் போகாமல், சூடு இருக்கும்போதே சிறு சுத்தியலால் வெல்டின் மேல் லேசாகத் தட்டி, கை வைக்கும் அளவு ஆறவிட்டு அடுத்த துண்டைப் போடுங்கள். முடிந்ததும் காய்ந்த மணலிலோ சாம்பலிலோ புதைத்து மெல்ல ஆறவிட வேண்டும். தண்ணீர் ஊற்றவே கூடாது. இதைவிட நல்ல வழி வெல்டே வைக்காமல் இருப்பது. கேசிங்கில் ஏற்கெனவே போல்ட் ஓட்டைகள் இருக்கின்றனவே! எலும்புச் சட்டத்தில் எம்.எஸ். பட்டையை வெல்டு வைத்து, அதில் கேசிங்கை 10 மி.மீ. போல்ட்டால் முடுக்கிவிடுங்கள். போல்ட் தலை வெளியே தெரிந்தால் தெரியட்டும், அது பம்ப் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

லாரி ஸ்பிரிங் பட்டை, பேரிங் இரண்டும் கரி கூடிய எஃகு. வெல்டு ஓரத்தில் இவையும் உடையும். பட்டையின் நடு ஓட்டையில் போல்ட் போடுங்கள், பேரிங்கை வளையத்துக்குள் உட்கார வையுங்கள். ஜி.ஐ. பைப்பின் மேல் பூச்சாக இருக்கும் துத்தநாகம் வெல்டில் வெண்புகையாகக் கிளம்பும். அதை இழுத்தால் ராத்திரி குளிர்க்காய்ச்சல் வரும். பட்டறையில் பால் குடித்தால் சரியாகிவிடும் என்பார்கள், அது தடுக்காது. பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டுக் காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். ஷாக் அப்சார்பர், ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர், பெட்ரோல் டேங்க் பக்கமே போகாதீர்கள். மூடிய கூடு சூடானால் வெடிக்கும். பிரேக் கிளீனர் ஸ்பிரே அடித்த பாகத்தில் ஆர்க் பிடிக்கவே கூடாது. அதில் குளோரின் சேர்ந்த கரைப்பான் இருந்தால் நச்சு வாயு உண்டாகும்.

இனி காளை. முதலில் சுவரிலோ தரையிலோ சாக்பீஸால் முழு அளவில் பக்கவாட்டுப் படம் வரையுங்கள். 12 மி.மீ. கம்பியை அந்தக் கோட்டின் மேல் வைத்து வளைத்துக்கொண்டால் அளவு தப்பாது. மீட்டருக்கு 0.89 கிலோ, எலும்புக்கு 20 மீட்டர் வேண்டும் என்று வையுங்கள், 18 கிலோ ஆகிறது. முதுகுத்தண்டுக்கு லாரி ஸ்பிரிங் பட்டை ஒன்று. அதன் இயல்பான வளைவே காளை முதுகுக்கு ஒத்துப்போகும். 75 மி.மீ. அகலம், 10 மி.மீ. கனத்தில் ஒரு மீட்டர் துண்டு சுமார் 6 கிலோ.

காங்கயம் காளை உருவத்தில் கவனிக்க வேண்டியது மூன்று: திமில், கொம்பு, அலைதாடி (கழுத்துக்கு அடியில் தொங்கும் தோல்). காளையின் உடம்பு சாம்பல் நிறம். தலை, கழுத்து, திமில், தோள் கறுத்திருக்கும். அதனால் பெயிண்டே இல்லாமல் நிறத்தைக் கொண்டுவரலாம்: திமிலுக்குக் கருத்த வார்ப்பு பம்ப் கேசிங், விலாவுக்கும் வயிற்றுக்கும் எவர்சில்வர். கொம்புக்கு சைக்கிள் ஹேண்டில்பார் தோன்றும். பிக்காசோ 1942இல் சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் சேர்த்துக் காளைத்தலை செய்துவிட்டார். பார்க்கிறவருக்கு அதுதான் நினைவு வரும், அந்த வளைவும் காங்கயம் கொம்பு இல்லை. 16 மி.மீ. கம்பியைக் காய்ச்சி வெளியே, பின்னே, பிறகு நுனி உள்ளே திரும்புமாறு வளைத்து, கூராகத் தேய்ப்பது மேல்.

அலைதாடிக்கு சைக்கிள் செயின். வெல்டு வைத்து இறுக்காதீர்கள். கழுத்துக்கு அடியில் ஒரு கம்பி ஓட்டி, அதில் செயின்களை வரிசையாகத் தொங்கவிடுங்கள். தொட்டால் ஆடும், அசல் அலைதாடி மாதிரியே. அனாட்சுயியிடம் கற்க வேண்டியது இதைத்தான். செயினை வேறு எங்காவது வெல்டு வைப்பதானால், எண்ணெய் இருந்தால் வெல்டு பொங்கிக் குமிழ் விழும். 10 லிட்டர் தண்ணீரில் அரைக்கிலோ சலவை சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, அலசி, வெயிலில் காயவையுங்கள்.

6013 ராடு, 2.5 மி.மீ., 70 முதல் 85 ஆம்ப் கம்பி வேலைக்குச் சரி. வெல்டிங் முகமூடிக் கண்ணாடி 11ஆம் எண். முதலில் எல்லா இடத்திலும் டாக் (சின்னப் புள்ளி வெல்டு) மட்டும் வைத்து, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். கால் சரியில்லையா, இப்போது தட்டினால் கழன்றுவிடும். முழு வெல்டை ஒரே பக்கமாக ஓட்டாமல் இடது, வலது என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். இல்லாவிட்டால் சூட்டில் உடம்பு ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும்.

பாத்திரம் 0.5 மி.மீ. அளவு மெல்லிசு. ஆர்க்கில் ஓட்டை விழும். டிக் (TIG) வெல்டிங் மெஷின் உள்ள பட்டறையில் 25 முதல் 40 ஆம்ப்புக்குள் வைத்தால் பிடிக்கும். இல்லாவிட்டால் 4 மி.மீ. ரிவெட் போதும். வெளியில் மழையில் வைக்கப் போகிறீர்கள் என்றால் எவர்சில்வரும் எம்.எஸ்.ஸும் நேரடியாகத் தொடும் இடத்தில் எம்.எஸ். சீக்கிரம் துருப்பிடிக்கும். அதனால் பாத்திரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் நைலான் வாஷர் வைத்து, எவர்சில்வர் போல்ட்டால் மாட்டுங்கள். கவிழ்ந்திருக்கும் கிண்ணம் பரவாயில்லை. மல்லாந்த கிண்ணத்தின் அடியில் 6 மி.மீ. ஓட்டை போடாவிட்டால் தண்ணீர் தேங்கிக் கொசு வளரும்.

வால் குஞ்சத்துக்குப் பொள்ளாச்சித் தேங்காய் நார்க் கயிறு போடலாம். தறியே இல்லாமல், சணல் நார்க் கயிற்றைக் கையால் முடிச்சுப் போட்டே ஆளுயர உருவங்களைச் செய்த இந்தியச் சிற்பி மிருணாளினி முகர்ஜியின் படங்களைத் தேடிப் பார்த்துவிட்டு முடியுங்கள், முடிச்சின் மேல் மதிப்பு வரும். நார் ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்பதால் இரும்பில் சுற்றாமல் எவர்சில்வர் வளையத்தில் தொங்கவிடுங்கள்.

துருவின் நிறம் பிடித்திருந்தால் அதன் மேல் கிளியர் லேக்கர் அடிக்கத் தோன்றும். அடியில் துரு வேலை செய்துகொண்டே இருக்கும், லேக்கர் செதில் செதிலாகக் கிளம்பும். உதிரும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் எடுத்துவிட்டு ஆளிவிதை எண்ணெயைத் துணியால் மெல்லிசாக இரண்டு தடவை தேயுங்கள். வருஷம் ஒருமுறை மறுபடி தேய்க்க வேண்டும். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகத் தீப்பிடிக்கும், விரித்துக் காயப்போடுங்கள்.

அடித்தகடு 900க்கு 450, கனம் 8 மி.மீ. என்றால் 25 கிலோ. திமிலும் தலையும் முன்பக்கம் இருப்பதால் காளை முன்னால் சாயப் பார்க்கும். முன்னங்கால் தகட்டின் விளிம்பிலிருந்து குறைந்தது ஒரு சாண் உள்ளே இருக்கட்டும். குழந்தைகள் வந்து போகும் இடம் என்றால் நாலு மூலையிலும் 12 மி.மீ. ஆங்கர் போல்ட் போட்டுத் தரையோடு முடுக்கிவிடுங்கள், கட்டாயம் யாராவது ஏறி உட்காருவார்கள்.