பி0403 வந்தால் இ.ஜி.ஆர். வால்வை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

திருமங்கலத்தில் ஓடும் உங்கள் டீசல் காரில் செக் இன்ஜின் விளக்கு எரிவதாகவும், ஸ்கேனரில் பி0403 என்ற கோளாறுக் குறியீடு வந்ததாகவும், பட்டறையில் இ.ஜி.ஆர். வால்வை (எக்ஸாஸ்ட் புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் விடும் வால்வு) முழுதாக மாற்றச் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இப்போதைக்கு வால்வை வாங்க வேண்டாம். அந்தக் குறியீடு வால்வை இயக்கும் மின்சுற்றில் கோளாறு என்று மட்டுமே சொல்கிறது. அது வால்வுக்குள் இருக்கிறதா, வயரிலா, கனெக்டரிலா என்பதை அளந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கரி அடைத்து ஓட்டம் குறைந்தால் பெரும்பாலும் பி0401 வரும் என்பதால், வால்வைக் கழற்றிக் கழுவினாலும் இது தீருவதற்கு வாய்ப்புக் குறைவு.

இக்னிஷனை அணைத்துவிட்டு கனெக்டரைக் கழற்றி, நல்ல வெளிச்சத்தில் பின்களைப் பாருங்கள். பச்சை பூத்திருக்கலாம், ஒரு பின் உள்ளே தள்ளிப் போயிருக்கலாம். பிறகு வயர்க்கட்டை விரலால் தடவிக்கொண்டே செல்லுங்கள். எக்ஸாஸ்ட் சூட்டுக்கு அருகில் இருப்பதால் வயரின் மேலுறை காய்ந்து வெடிப்பது வழக்கம். நம் பக்கத்தில் நெல் மூட்டைக்கும் வைக்கோல் படப்புக்கும் அருகில் நிறுத்தும் வண்டிகளில் எலிக்கடியையும் தேட வேண்டும்.

அடுத்தது அளவீடு. உங்கள் மாடலின் வயரிங் வரைபடம் கையில் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். ஐந்து பின் உள்ள வால்வுகளில் பொதுவாக இரண்டு மோட்டாருக்கும், மூன்று நிலை உணரும் சென்சாருக்கும் உரியவை. சென்சார் கோளாறு பெரும்பாலும் பி0405, பி0406 என்றே பதிவாகும். ஆயினும் இக்னிஷனைப் போட்டு, வயர்ப் பக்கக் கனெக்டரில் 5 வோல்ட்டும் எர்த்தும் வருகின்றனவா என்று பார்த்துக்கொள்வது நல்லது. வால்வின் மோட்டார் பின்கள் இரண்டுக்கும் இடையே மல்டிமீட்டர் தொடர்பே இல்லை என்று காட்டினால், வால்வு போய்விட்டது என்று தயங்காமல் சொல்லலாம்.

இரண்டு பின் சோலனாய்டு (மின்காந்தக் காயிலால் திறந்து மூடும்) வகையாக இருந்தால், ஒரு வயரில் பேட்டரி மின்சாரம் வரும், மற்றொன்றை இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யூ. எர்த் செய்யும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஒத்தக்கடையில் நண்பர் ஒருவரின் காரில் பேட்டரி மின்சாரம் வரும் வயரில் மீட்டர் 12 வோல்ட்டுக்கு மேல் காட்டியது; ஆனால் அதற்கும் எர்த்துக்கும் நடுவே 21 வாட் பிரேக் பல்பைக் கொடுத்தபோது இழை மங்கலாகச் சிவந்ததோடு சரி. டேப்பைப் பிரித்தபோது, வயர் வளையும் இடத்தில் செம்பு பச்சைத் தூளாக உதிர்ந்து அரித்துப்போன ஒரேயொரு இழை மட்டும் பட்டும் படாமலும் ஒட்டிக்கொண்டிருந்தது. மீட்டர் மிகக் குறைந்த மின்னோட்டத்தையே இழுப்பதால் அந்த ஓர் இழையே அதற்குப் போதும்; சோலனாய்டுக்குப் போதாது. பல்பை பேட்டரி மின்சாரம் வரும் வயரில் மட்டுமே கொடுக்க வேண்டும், ஈ.சி.யூ.விலிருந்து வரும் வயரில் கொடுத்தால் ஈ.சி.யூ. கெடக்கூடும், அதன் விலை வால்வின் விலையைவிடப் பெரிது.

வயரைச் சரிசெய்தபின் குறியீட்டை அழித்துவிட்டு, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதும் நன்றாகச் சூடேறிய பின்னும் ஓட்டிப் பாருங்கள். சூட்டில் மட்டும் பி0403 திரும்பினால், சூடாக இருக்கும்போதே வால்வுக்குள் இருக்கும் காயிலின் ஓம்ஸை, அதாவது மின்தடையை, அளக்கச் சொல்லுங்கள். அப்போது தொடர்பு அறுந்தால் வால்வை மாற்றுங்கள். மாற்றிய பின் சில மாடல்களில் புதிய வால்வின் மூடிய நிலையை ஸ்கேனர் மூலம் ஈ.சி.யூ.வில் பதிய வைக்க வேண்டியிருக்கும் என்பதையும் பட்டறையில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.