பத்து நாளில் எல்.டி.எல். கூடிவிட்டதா?

கேள்வி: எனக்கு வயது 52, ஆறு வருடமாகச் சர்க்கரை நோய். முதல் லேபில் எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால்) 104. பத்து நாள் கழித்து வேறு லேபில் 131. கொழுப்புக்கு மாத்திரை சாப்பிடுவதில்லை. எந்த லேப் தப்பு? இரண்டு ரிப்போர்ட்டையும் இணைத்துள்ளேன்.

பதில்: இரண்டு லேபுமே தப்பு செய்யவில்லை. பெரும்பாலான லேப்களில் எல்.டி.எல். நேரடியாக அளக்கப்படுவதில்லை, 1972-ல் வெளியான ஃப்ரீடுவால்ட் சூத்திரப்படி கணக்கிடப்படுகிறது. மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து நல்ல கொலஸ்ட்ராலான ஹெச்.டி.எல்.லைக் கழித்து, ரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்க வேண்டும். அந்தப் பங்குதான் வி.எல்.டி.எல்., அதாவது டிரைகிளிசரைடைச் சுமக்கும் துகள்களில் உள்ள கொலஸ்ட்ரால், என்று வைத்துக்கொள்கிறார்கள்.

உங்கள் முதல் ரிப்போர்ட்டில் மொத்தம் 210, ஹெச்.டி.எல். 38, டிரைகிளிசரைடு 340. 340-ஐ ஐந்தால் வகுத்தால் 68. 210 − 38 − 68 = 104. இரண்டாவதில் மொத்தம் 206, ஹெச்.டி.எல். 39, டிரைகிளிசரைடு 180. 206 − 39 − 36 = 131. பெரிதாக மாறியது டிரைகிளிசரைடு மட்டும்தான். முதல் முறை காலை டிபன் முடித்து ரத்தம் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். சாப்பிட்டதும் குடலிலிருந்து ரத்தத்துக்கு வரும் கொழுப்புத் துகள்களில் டிரைகிளிசரைடு மிக அதிகம், கொலஸ்ட்ரால் குறைவு. அவற்றுக்கும் ஐந்தில் ஒரு பங்கு என்று கழித்தால் அதிகமாகக் கழித்துவிடுவோம். எல்.டி.எல். பொய்யாகக் குறைந்து தெரியும். ஆகவே 131-ஐ நம்புங்கள்.

இந்தக் குழப்பமே வராத இன்னொரு கணக்கு இருக்கிறது. சர்க்கரை நோயாளிகள் எல்லோரும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். மொத்தத்திலிருந்து ஹெச்.டி.எல்.லை மட்டும் கழியுங்கள். முதலில் 172, பிறகு 167. கிட்டத்தட்ட ஒன்றுதான்! ரத்தக்குழாயில் படியக்கூடிய கொழுப்பு முழுவதும் இதில் அடங்கிவிடும். வெறும் வயிறு வேண்டியதில்லை. இதற்கான இலக்கு, எல்.டி.எல். இலக்கோடு 30 கூட்டியது. எல்.டி.எல். 100-க்குக் கீழ் என்றால் இது 130-க்குக் கீழ். மாரடைப்பு வந்தவர்களுக்கு இலக்கு இன்னும் குறைவு.

உங்களுக்கு 167. இது கூடுதல்தான். முதல் ரிப்போர்ட்டின் 104-ஐப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். உங்கள் வயதில் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை பொதுவாகவே பரிந்துரைக்கப்படுகிறது. இரண்டு ரிப்போர்ட்டுகளோடும் உங்கள் டாக்டரைப் பாருங்கள்.

அடுத்த முறை 10 முதல் 12 மணி நேரம் வெறும் வயிற்றோடு போங்கள், தண்ணீர் குடிக்கலாம். முந்தின நாள் மது வேண்டாம், அதுவும் டிரைகிளிசரைடை ஏற்றிவிடும். அப்போதும் டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தச் சூத்திரம் செல்லாது. 'டைரக்ட் எல்.டி.எல்.' என்று கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.