சிறுவயதில் காது கேளாத நண்பர் உங்களுக்கு இருந்தாரா? எந்த மொழியில் பேசிக்கொண்டீர்கள்?

இருந்தான். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் திருபுவனம் எங்கள் ஊர், பட்டு நெசவுக்குப் பேர்போனது. நாங்கள் விவசாயக் குடும்பம். எதிர்வீடு தறி ஓடும் சௌராஷ்டிரக் குடும்பம். அந்த வீட்டுப் பையனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. எனக்கும் அவனுக்கும் ஒரே வயது.

அவர்கள் வீட்டுக்குள் பேச்சு சௌராஷ்டிரத்தில்தான். குஜராத்தி, மராத்திக்கு உறவான மொழி. தண்ணீரை 'பானி' என்பார்கள். பையனைக் காட்டப் போன இடத்தில், "ரெண்டு பாஷை பேசினால் குழம்பிடுவான், தமிழ் மட்டும் பேசுங்க, சைகையே கூடாது" என்று சொல்லிவிட்டார்கள். பாட்டிக்குப் பேரப்பிள்ளைகளைக் கொஞ்ச வருவது சௌராஷ்டிரத்தில்தான். அதன்பிறகு அவனைப் பார்த்தால் தலையைத் தடவிவிட்டுப் பேசாமல் போய்விடுவார். இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை. சைகைமொழி தனி இலக்கணம் உள்ள முழுமொழி. அதையும் கொடுக்கவில்லை, இருந்த பாட்டியின் பேச்சையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வான் என்பார்கள். பாதிதான் உண்மை. கண்ணாடி முன்னால் நின்று 'பாடு', 'மாடு' என்று சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள், இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். வகுப்பில் அப்படி ஒரு சொல் வந்தால் அவன் என்னைத் திரும்பிப் பார்ப்பான். பெஞ்சுக்கு அடியில் இரண்டு விரலைக் கொம்பாக நீட்டினால் மாடு. எங்கள் பாஷை அங்கேதான் தொடங்கியது. என் பெயர், புருவத் தழும்பைத் தொடுவது. அவன் பெயர், தறியில் நாடா ஓடுவதுபோல வலக்கையிலிருந்து இடக்கைக்கு ஒரு வீச்சு.

திண்ணைத் தூணில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பான். திடீரென்று எழுந்து உள்ளே போவான். இழை அறுந்து அவன் அப்பா தறியை நிறுத்தியிருப்பார். தறிச் சத்தம் நின்றது அப்புறம்தான் எனக்கு உறைக்கும்.

ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துசேரச் சில நாளாகும். முதல் தண்ணீர் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு ஊர்ந்து வரும். அதற்கு அவன் வைத்த சைகை, இரண்டு உள்ளங்கையையும் முன்னால் தள்ளி விரல்களை நெளிப்பது. போகப்போக, காத்திருந்த எது வந்தாலும் அதே சைகைதான்: தீபாவளிச் சட்டை, பரீட்சை முடிவு, மாமா வரும் பஸ்.

பத்து வயதில் தஞ்சாவூரில் விடுதிப் பள்ளிக்குப் போனான். அங்கே மற்ற பிள்ளைகளிடம் கற்ற சைகைமொழியை லீவுக்கு வரும்போதெல்லாம் திண்ணையில் உட்காரவைத்து எனக்கும் பாட்டிக்கும் சொல்லிக்கொடுத்தான். பாட்டி முதலில் கற்றுக்கொண்டது 'சாப்பிட்டாயா'.

இப்போது திருப்பூரில் வேலை பார்க்கிறான். வாட்ஸாப் வீடியோவில் பேசிக்கொள்கிறோம். போன மாதம் ஒருநாள் விடியற்காலையில் அழைத்தான். ஆஸ்பத்திரி வராந்தா. போனை எதிலோ சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு உள்ளங்கையையும் முன்னால் தள்ளி விரல்களை நெளித்தான். பெண் குழந்தை.