மும்பைக்குள் சைக்கிளில் நுழைய எந்த வழி?

கேள்வி: நாகர்கோவிலிலிருந்து கடலோரமாகவே மும்பை வரை சைக்கிளில் போகிறேன். முன்னும் பின்னும் பைகள் கட்டிய வண்டி. கொங்கண் வரை கவலையில்லை. மும்பைக்குள் நுழைவதை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. எந்தச் சாலை நல்லது? திரும்பும்போது சைக்கிளை ரயிலில் ஏற்றலாமா?

பதில்: சாலையே வேண்டாம், படகில் நுழையுங்கள்.

தேசிய நெடுஞ்சாலை 66 பன்வேலில் முடிகிறது. அங்கிருந்து எல்லோரும் பிடிப்பது வாஷி பாலம் வழியாகப் போகும் சயான்–பன்வேல் சாலை. ஒவ்வொரு மேம்பாலத்தின் வாயிலிலும் இடது ஓரம் இரண்டாகப் பிரியும். பின்னால் வரும் லாரிக்கு நீங்கள் மேலே ஏறுகிறீர்களா, கீழே பிரிகிறீர்களா என்பது தெரியாது. பை கட்டிய வண்டி சட்டென்று ஒதுங்கவும் ஒதுங்காது. பெரும்பாலும் அடிபடுவது இந்த இடத்தில்தான். செல்போன் வரைபடத்தில் கார் வழியைப் பார்த்துப் போகாதீர்கள். அது அடல் சேதுவுக்குக் கூட்டிப் போய் நிறுத்தும். 2024 ஜனவரியில் திறந்த 21.8 கி.மீ. கடல் பாலம் அது; மோட்டார் பைக்குக்கே அனுமதியில்லை. அவ்வளவு செலவில் கட்டியவர்கள் சைக்கிளுக்கு ஓரமாக ஒரு தடம் விட்டிருக்கலாம். யாருக்கும் அந்த நினைப்பு வரவில்லை.

அலிபாக் வந்ததும் பன்வேல் பக்கம் திரும்பாமல், 20 கி.மீ. தள்ளியிருக்கும் மாண்ட்வா படகுத்துறைக்குப் போங்கள். கார்களையும் ஏற்றிக்கொள்ளும் ரோ–ரோ கப்பல் அங்கிருந்து சுமார் ஒரு மணி நேரத்தில் மும்பையின் பாவுச்சா தக்கா துறைக்குப் போகிறது. உங்களுக்கு ஒரு டிக்கெட், சைக்கிளுக்கு ஒரு டிக்கெட். வண்டியைக் கீழ்த்தளத்தில் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிட்டு, பணமும் ஆவணமும் இருக்கும் பையை மட்டும் மேலே எடுத்துப் போங்கள். கேட்வே ஆஃப் இந்தியாவுக்குப் போகும் சிறு படகுகளில் சைக்கிளை ஏற்றுவது படகுக்காரர் மனசைப் பொறுத்தது. அதை நம்பிக் கிளம்பாதீர்கள்.

பாவுச்சா தக்கா மீன் ஏலம் நடக்கும் இடம். காலையில் தரையெல்லாம் ஐஸ் தண்ணீரும் செதிலுமாக வழுக்கும். கேட் தாண்டும்வரை தள்ளிக்கொண்டே போங்கள். சி.எஸ்.எம்.டி. (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) ரயில் நிலையம் 4 கி.மீ.க்குள்தான். துறைமுக லாரிகள் ஓடும் சாலை என்பதால் ஞாயிற்றுக்கிழமை காலையில் இறங்கினால் நல்லது.

மழைக்காலம் மட்டும் விதிவிலக்கு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சிறு படகுகள் ஓடாது. ரோ–ரோ ஓடும், ஆனால் கடல் கொந்தளித்தால் அன்றைய நடை ரத்தாகும். அதனால் மாண்ட்வா போய்க் காத்திருக்காமல் முந்தைய இரவு அலிபாக்கிலேயே தங்கி விசாரியுங்கள். ஒரு நாள் ரத்தானால் மறுநாள் வரை பொறுங்கள். மறுநாளும் ரத்தானால் மட்டும் பேண் வழியாக பன்வேலுக்கு மிதியுங்கள், சுமார் 70 கி.மீ. நெடுஞ்சாலை 66இன் பன்வேல்–இந்தாப்பூர் பகுதியை அகலப்படுத்தும் வேலை 2011இல் தொடங்கியது. வருடக்கணக்காக இழுத்தடித்ததில் மழை வந்தாலே குழிகள்தான். தண்ணீர் தேங்கிய இடத்தில் ஆழம் தெரியாமல் இறங்காதீர்கள், ரிம் வளைந்துவிடும். பன்வேலில் இரவு தங்கி, விடிகாலை 5 மணிக்கு வாஷி பாலத்தை நோக்கிக் கிளம்புங்கள்.

இனி ரயில். உண்மையில் சாலையைவிட இங்கேதான் அதிகம் ஏமாறுகிறார்கள். பார்சல் அலுவலக வாசலிலேயே தரகர் பிடித்துக்கொள்வார். "சாக்கில் தைக்காவிட்டால் உள்ளே வாங்க மாட்டார்கள்" என்பார். தைக்கக் கூலி, தூக்கக் கூலி, "உள்ளே கொடுக்க" என்று தனியாக ஒரு தொகை. கடைசியில் வண்டியை அவர் பெயரிலேயே பார்சலாகப் பதிந்துவிடுவார். பார்சல் நீங்கள் போகும் ரயிலில்தான் வரும் என்பதில்லை, பிறகு எப்போதாவது வரும். ரசீதும் அவர் பெயரில் இருப்பதால் உங்களால் கேள்வி கேட்க முடியாது.

உங்கள் பயண டிக்கெட்டைக் காட்டி "லக்கேஜ்" என்று கேளுங்கள். அப்போதுதான் நீங்கள் போகும் ரயிலின் பிரேக் வேனிலேயே, அதாவது சாமான் ஏற்றும் பெட்டியிலேயே, ஏறும். மும்பையிலேயே புறப்படும் ரயிலாகப் பாருங்கள். நடுவழி நிலையத்தில் இரண்டு நிமிடத்தில் யாரும் சைக்கிளை ஏற்ற மாட்டார்கள். சி.எஸ்.எம்.டி.யிலிருந்து நாகர்கோவிலுக்கே நேரடி ரயில் உண்டு, தினமும் இல்லை. 4 மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். பிரேக் வேனில் ஒரு பகுதியை ரயில்வேயே தனியாருக்குக் குத்தகைக்கு விடுவதால், "இடமில்லை" என்ற பதில் சில நேரம் உண்மையாகவே இருக்கும். பயணிக்கு இடம் ஒதுக்கிவிட்டு மிச்சத்தைக் குத்தகைக்கு விட்டால் என்ன என்று கேட்க ஆளில்லை.

பைகள், விளக்கு, பம்ப் எல்லாவற்றையும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பெடல்களை 15 மி.மீ. ஸ்பேனரால் கழற்றுங்கள், இடது பெடல் கடிகார முள் சுற்றும் திசையில்தான் கழலும், எதிர்ப்பக்கம் திருகினால் இன்னும் இறுகும். பின் கியர் மாற்றியின் மேல் கெட்டி அட்டை சுற்றுங்கள். பெயர், பி.என்.ஆர்., ரயில் எண், இறங்கும் நிலையம், போன் எண் எழுதிய அட்டையை இரண்டு பக்கமும் கட்டுங்கள். பணத்தைக் கவுண்டரில் மட்டும் கட்டி, ரசீதில் உங்கள் பெயரும் ரயில் எண்ணும் "லக்கேஜ்" என்ற சொல்லும் இருக்கிறதா என்று அங்கேயே படியுங்கள். வண்டி பிரேக் வேனுக்குள் போவதைக் கண்ணால் பார்த்த பிறகு உங்கள் பெட்டிக்குப் போங்கள். நாகர்கோவிலில் இறங்கிய அன்றே ரசீதைக் காட்டி எடுத்துவிடுங்கள், தாமதித்தால் கிடங்கு வாடகை ஏறும்.