நியூ ஜெர்சி பைன் காட்டுக் குட்டைகள் வறண்டால் அவற்றின் செடிகள் அழிந்துவிடுமா?

நியூ ஜெர்சியின் பைன் பேரன்ஸ் காட்டில் 2024 இலையுதிர் காலத்தில் பார்த்த குட்டைகள் பலவும் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் புல்தரையாகக் கிடந்தன என்றும், அவை செத்துவிட்டனவா, அவற்றில் என்னதான் வளரும், எப்போது போய்ப் பார்க்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

அவை சாகவில்லை. 2024 அக்டோபர் அந்த மாநிலத்தில் இதுவரை பதிவான மாதங்களிலேயே மிக வறண்ட மாதம் என்பது உண்மைதான். ஆனால் அவ்வளவு கடுமையான வறட்சி இல்லாத ஆண்டுகளிலும் இந்தக் குட்டைகளில் பெரும்பாலானவை கோடையின் முடிவில் வற்றவே செய்யும். தண்ணீர் ஏறுவதும் இறங்குவதும் மாறி மாறி நடப்பதால்தான் அங்குள்ள அரிய செடிகள் அங்கே இருக்கின்றன. ஆண்டு முழுவதும் நீர் நின்றிருந்தால் அவற்றில் பலவற்றைக் கண்ணால் காணக்கூட முடியாது.

இந்தக் குட்டைகளுக்கு வரத்துக் கால்வாயும் இல்லை, போக்குக் கால்வாயும் இல்லை. கடலோரச் சமவெளியின் மணலுக்கு அடியில் கர்க்வுட்-கொஹான்சி என்னும் பெரும் நிலத்தடி நீர்த்தேக்கம் இருக்கிறது. அதன் மட்டம் தரையின் பள்ளங்களில் எட்டிப்பார்க்கும் இடமே குட்டை. குளிர்காலத்திலும் வசந்தத்திலும் மட்டம் உயர்ந்து பள்ளம் நிறையும். மரங்கள் தளிர்த்து நீரை இழுக்கத் தொடங்கியபின், மழை பெய்தாலும் மட்டம் படிப்படியாக இறங்கும். பள்ளங்கள் எப்படி வந்தன என்பதற்குப் பலரும் ஏற்கும் விளக்கம் பனியுகக் காற்று: பனிப்பாறை வட நியூ ஜெர்சியோடு நின்றுவிட, அதற்குத் தெற்கே மரமற்றுக் கிடந்த குளிர்நிலத்தின் மணலைக் காற்று வாரிக்கொண்டு போயிற்று என்கிறார்கள். உள்ளூர்ப் பழையவர்கள் இவற்றை ‘ஸ்பங்’ என்பார்கள்.

ஆகஸ்டில் அப்படி ஒரு குட்டையின் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி நடந்தால் செடிகள் வளையம் வளையமாக மாறுவது தெரியும். வெளியே பிட்ச் பைன் மரங்கள். அவற்றை ஒட்டிச் செம்மேப்பிளும் உயரமான புளூபெர்ரிப் புதர்களும். (கடையில் வாங்கும் புளூபெர்ரியின் மூதாதை இந்தப் புதர்தான். எலிசபெத் ஒயிட் என்பவரும் தாவரவியலாளர் ஃபிரெடரிக் கோவிலும் இந்தக் காட்டுச் செடிகளிலிருந்து தேர்ந்தெடுத்து வளர்த்த பழங்கள் 1916இல் முதன்முதலாகச் சந்தைக்குப் போயின.) அடுத்த வளையம் லெதர்லீஃப் என்னும் முழங்கால் உயரக் குறும்புதர், அதன் காலடியில் ஸ்பேக்னம் பாசி மெத்தென்று கிடக்கும். அதையும் தாண்டினால் கோரைகளும் புற்களும். நடுப்பள்ளத்தில் வெள்ளை அல்லியும், நீரில் மிதந்தபடி நுண்ணுயிர்களைப் பைகளால் உறிஞ்சிப் பிடிக்கும் யூட்ரிகுலேரியாவும்.

எனக்குப் பிடித்தது கோரைக்கும் நடுப்பள்ளத்துக்கும் இடையில், நீர் இறங்க இறங்க அகலமாகும் ஈரமணல் பட்டைதான். அங்கேதான் ரெக்சியா பூக்கிறது. நம் காயா மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது அது; பெரும்பாலும் வெப்ப நாடுகளிலேயே வாழும் அந்தக் குடும்பத்தில் வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிவரை ஏறிப்போன ஒரே பேரினம். இளஞ்சிவப்பில் நான்கு இதழ்கள், நடுவில் வளைந்த மஞ்சள் மகரந்தப்பைகள் எட்டு. பம்பிள் தேனீ வந்து பற்றிக்கொண்டு உடலை அதிரவைத்தால்தான் பையின் முனைத்துளை வழியே மகரந்தம் கொட்டும். பூ உதிர்ந்தபின் நிற்கும் காய் ஒரு சின்ன மண்குடம் போலவே இருக்கும். அதே பட்டையில் அழுகண்ணி இனத்தைச் சேர்ந்த டிரோசெராவையும் பார்க்கலாம்: சிவந்த மயிர்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் பசைத்துளி, ஒட்டிக்கொண்ட கொசு. மணலில் சத்தும் கிடையாது, நீரோ கடும் அமிலம். ஆகவே பூச்சியைப் பிடித்துத் தின்னும் செடிக்கு இங்கே வசதி. வேகமாக வளரும் முரட்டுச் செடிகளுக்கு இங்கே வேலையில்லை.

உங்கள் முதல் கேள்விக்கான விடை அந்த மணலுக்குள்தான் இருக்கிறது. ஹர்ஸ்ட் புல் என்னும் மெல்லிய புல் நியூ ஜெர்சி, டெலவேர், வட கரோலினா மாநிலங்களில் விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில் மட்டுமே வளர்கிறது. நீர் நிறைந்திருக்கும் ஆண்டில் தேடிப் போகிறவர் ஒரு தாளைக்கூடக் காணாமல் திரும்பலாம். குட்டை வற்றிச் சேறு வெளியே தெரியும் ஆண்டில், மண்ணில் உறங்கிய விதைகள் முளைத்து அதே இடத்தில் அந்தப் புல் தலைகாட்டும். இப்படி விதையாகக் காத்திருக்கும் செடிகள் இங்கே ஏராளம் என்பதால், ஒரே ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு ஒரு குட்டையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று சொல்லிவிட முடியாது.

வறட்சி மட்டுமே தொடர்ந்தால் கதை மாறும். தொடர்ந்து பல ஆண்டுகள் நீர் வராவிட்டால் லெதர்லீஃப்பும் மேப்பிள் கன்றுகளும் உள்ளே இறங்கி, நிழல் விழுந்து, ரெக்சியாவும் டிரோசெராவும் ஒதுங்கிவிடும். நல்ல மழை ஆண்டில் குட்டை பெருகும்போது அந்தக் கன்றுகள் மூழ்கிச் சாகின்றன. வறண்ட ஆண்டில் காட்டுத்தீ உள்ளே நுழைந்தால் புதர்களை அது எரித்து ஒதுக்குகிறது. வற்றுவதால் மீன்களும் தங்குவதில்லை. அதனால் பைன் பேரன்ஸ் மரத்தவளை போன்றவற்றின் குஞ்சுகள் பிழைக்கின்றன.

கவலைப்பட வேண்டியது வேறு விஷயங்களுக்கு. ஆழ்துளைக் கிணறுகள் நிலத்தடி நீரை ஓயாமல் இறைத்தால் மட்டம் இறங்கியது இறங்கியபடியே நின்றுவிடும், குளிர்காலத்திலும் ஏறாது. வீட்டுப் புல்தரைகளின் உரமும் செப்டிக் டேங்க் கழிவும் கசிந்தால் நீரின் அமிலத்தன்மை குறைந்து சத்து கூடும். அப்போது நாணல் வந்து எல்லாவற்றையும் அமுக்கிவிடும். 1978இல் ஏறத்தாழ 11 லட்சம் ஏக்கர் தேசியக் காப்பு நிலமாக அறிவிக்கப்பட்டு, அதற்கென ஓர் ஆணையமும் கட்டுமானங்களைக் கட்டுப்படுத்தி வருவதால் இந்தச் சேதம் ஓரளவு தடுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் வறண்ட குட்டையைக் கண்டதும் ஜீப்பையும் மோட்டார் சைக்கிளையும் இறக்கிச் சேற்றில் சுழற்றுகிறவர்களை எந்தச் சட்டமும் முழுதாகத் தடுத்ததாகத் தெரியவில்லை. சக்கரம் உழுத பள்ளம் பல ஆண்டுகள் ஆறாமல் கிடக்கும். விதைகள் உறங்குவதும் அந்த மேல்மண்ணில்தான் என்பதால் இதை வெறும் விளையாட்டு என்று என்னால் விட்டுவிட முடியவில்லை.

பார்க்கப் போவதானால் ஜூலை கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை நல்ல காலம். வார்ட்டன் மாநிலக் காட்டின் மணல் சாலைகளில் வண்டியைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு நடந்து போங்கள். ஈரமணல் பட்டையை மிதிக்காமல் கோரையின் ஓரமாகவே நின்று பாருங்கள். முழுக்கால் சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள், வீடு திரும்பியதும் உடம்பில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். உண்ணிக் கடியால் பரவும் லைம் நோய் அந்தப் பகுதியில் சாதாரணம்.