கடற்கரைக் காணியில் பள்ளமும் மண்மேடும்
மட்டக்களப்பு களுவாஞ்சிகுடிக் கடற்கரைக் காணியில் இருக்கும் நீளப் பள்ளத்தின் படத்தை அனுப்பி, இது இரண்டாம் உலகப் போரின்போது 1942இல் வெட்டிய டாங்கித் தடுப்பு அகழியா, பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) விட்டு நிரவலாமா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் மண்மேடு எந்தப் பக்கம் என்று பாருங்கள். டாங்கித் தடுப்பு அகழி என்றால் காவல் நிற்பவர் தோண்டிய மண்ணைத் தன் பக்கம் குவிப்பார்; பள்ளம் எதிரி வரும் பக்கம் இருக்கும். ஜப்பான் விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்த அந்த ஏப்ரலில் பயம் கடலில் இருந்துதான் வந்தது. உங்கள் படத்திலோ அதற்கு நேர்மாறாக மேடு கடல் பக்கம், பள்ளம் ஊர்ப் பக்கம். உக்கிய பனங்குற்றியும் கிழிந்த மணல்மூட்டையும் தெரிகின்றன. எனக்கு இது பிந்திய உள்நாட்டுப் போரின் காவலரண் போலத்தான் படுகிறது. அதனால் தயவுசெய்து பெக்கோவை இறக்காதீர்கள், மண்ணுக்குள் வெடிக்காத குண்டு கிடக்கலாம். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல் பொலிஸ் அவசர இலக்கமான 119க்குச் சொல்லுங்கள். அவர்கள் வந்து பார்த்த பிறகு நிரவலாம்.