தாய்மாமாவின் நான்கு லட்சமும் மகளின் பழைய புத்தகமும்

இசிஇ கடைசி வருடத்தில் இருக்கும் மகள், 300 ரூபாய்க்கு வாங்கிய தலையணை கனத்துப் பழைய புத்தகம் ஒன்றோடு ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்திருக்கிறார். ஃபைபர் சேனல் (சர்வர்களைச் சேமிப்புக் கருவிகளோடு இணைக்கும் நெட்வொர்க் முறை) என்று அட்டையில் போட்டிருக்கிறது. வீட்டில் யாருக்கும் புரியவில்லை. நகையை அடகு வைத்தாவது நான்கு லட்ச ரூபாய் ஏஐ படிப்பில் சேர்த்துவிடச் சொல்கிறார் தாய்மாமா. பயமாக இருக்கிறது என்கிறீர்கள், ஐயா. பயம் நியாயமானதுதான். ஆறுதல் அதோடு போதும், நகையை எடுக்காதீர்கள்.

ஆறு மாதச் சான்றிதழை நம்பி யாரும் ஏஐ வேலை தூக்கிக் கொடுப்பதில்லை. கணக்கும் புள்ளியியலும் பிடித்த பிள்ளைக்கு அது வேறு கதை. உங்கள் மகளுக்குப் பிடித்தது கம்பிக்குள் ஓடும் பிட். மாமா புகழும் அதே ஏஐ சர்வர்களுக்கும், அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் நிற்கும் டேட்டா சென்டர்களுக்கும் தரவு ஸ்டோரேஜ் நெட்வொர்க் வழியாகத்தான் வந்து சேர வேண்டும். அந்தப் பாதையில் எங்கே அடைப்பு என்று சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு.

ஆனால் பழைய புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்தால் ஒரு வருடம் வீண். கருவிகளை வளையமாகக் கோர்க்கும் ஆர்பிட்ரேட்டட் லூப் அத்தியாயங்களைத் தாண்டிவிடலாம். இன்று எல்லாம் ஸ்விட்ச்தான். ஃபிரேம் எனும் தரவுப் பொட்டலத்தின் அமைப்பு (24 பைட் தலைப்பு, அதிகபட்சம் 2112 பைட் தரவு), லாகின் வரிசை, பஃபர் கிரெடிட் (பதில் வருமுன் எத்தனை ஃபிரேம் அனுப்பலாம் என்ற அனுமதி) ஆகிய மூன்றும் அப்படியே செல்லும். என்கோடிங் மட்டும் மாறிவிட்டது: 8 கிகா வரை 8பி/10பி (8 பிட்டை 10 பிட்டாக அனுப்புவது), 16 கிகாவில் 64பி/66பி. அதனால்தான் கம்பியின் வேகம் 8.5 கிகாபாடிலிருந்து 14.025-க்குத்தான் ஏறியது, தரவு மட்டும் இரட்டிப்பானது. ஏன் என்று மகளைக் கேளுங்கள். பத்து பிட்டில் இரண்டை வீணாக்கியது பழைய முறை என்று விளக்கினால் படிப்பு உள்ளே இறங்கியிருக்கிறது.

அடுத்து ஒரு கணக்கு. 16 கிகா இணைப்பு, 10 கிலோமீட்டர். ஒளி ஒரு கிலோமீட்டர் போக 5 மைக்ரோவினாடி, போய்வர 100. முழு ஃபிரேம் ஒன்றை அனுப்ப சுமார் 1.3 மைக்ரோவினாடி. ஆக, பதில் வரும்வரை கம்பி காலியாகாமல் இருக்க சுமார் 77 கிரெடிட்டாவது வேண்டும்; 80 வைப்பார்கள். எட்டே எட்டு இருந்தால் பச்சை விளக்கு எரியும், ஒரு பிழையும் பதிவாகாது, வேகம் மட்டும் பத்தில் ஒரு பங்காகப் படுத்துவிடும். நேர்முகத்தில் கேட்கத் தகுந்த கேள்வி இது.

லேபுக்கு ஃபைபர் சேனல் ஸ்விட்ச் வாங்கித் தரச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பழைய சரக்கு கிடைக்கும். ஆனால் இரைச்சலும் லைசென்ஸ் தொல்லையும் அதோடு சேர்ந்து வரும். 16 ஜிபி ரேம் உள்ள லேப்டாப் போதும். இரண்டு லினக்ஸ் விர்ச்சுவல் மெஷின், தலைக்கு 2 ஜிபி. ஒன்றில் டார்கெட்சிஎல்ஐ என்ற கருவி கொண்டு 5 ஜிபி ஐஸ்கஸி லன் (சாதாரண நெட்வொர்க் வழியே வட்டாகத் தெரியும் சேமிப்பிடம்) உருவாக்கட்டும், மற்றதிலிருந்து இணைக்கட்டும். போர்ட் 3260. நெட்வொர்க் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க்கில் 48 பைட் தலைப்பைப் பிரித்து, ஐஸ்கஸி விதிகளைச் சொல்லும், 2014-இல் வந்த ஆர்எஃப்சி 7143-ஐப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு புலமாக ஒப்பிடட்டும். அந்த ஆவணம் இலவசம். எஸ்எஸ்டி வட்டுகளோடு பேசும் முறையான என்விஎம்இ-யின் விவரக்குறிப்புகளும் இலவசம்தான்.

பிறகு வேண்டுமென்றே கெடுக்க வேண்டும். இரு முனையிலும் எம்டியு (ஒரே பாக்கெட்டில் போகக்கூடிய அதிகபட்ச அளவு) 9000, நடுவிலுள்ள பிரிட்ஜில் 1500. லாகின் ஆகும், சின்னக் கட்டளைகள் போகும், பெரிய கோப்பை எழுதும்போது தொங்கிவிடும். துண்டாக்கத் தடை போட்டு 8972 பைட் பிங் அனுப்பினால் குட்டு வெளிப்படும். இன்னொன்று: ஒரே லன்னை இரண்டு மெஷினில் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையாக மவுன்ட் செய்து இரண்டிலும் எழுதிப் பார்க்கட்டும். தரவு நாசமாகும். மற்றது என்ன எழுதியது என்று இரண்டுக்குமே தெரியாது. பிளாக் ஸ்டோரேஜ் ஃபைல் ஷேர் இல்லை என்பது அன்றைக்கு மனதில் பதியும்.

மூன்றாம் மாதம் என்விஎம்இ ஓவர் டிசிபி, அதாவது அதே என்விஎம்இ சாதாரண நெட்வொர்க் வழியே. 2019-இல் லினக்ஸ் 5.0-லேயே சேர்ந்துவிட்டது, போர்ட் 4420, தனி கார்டு வேண்டாம். ஆர்டிஎம்ஏ (சிபியுவைத் தொடாமல் மெமரிக்கு நேரே தரவை அனுப்பும் முறை) பக்கம் இப்போது போக வேண்டாம். இழப்பில்லாத ஈதர்நெட் அமைப்பது புதியவர்களைக் குழப்பியடிக்கும்.

வேலை? முதல் பதவி பெரும்பாலும் ஸ்டோரேஜ் சப்போர்ட் அல்லது புரோட்டோகால் டெஸ்டிங். பெங்களூரும் புனேயும் முக்கியம். சப்போர்ட் என்றால் நைட் ஷிஃப்ட் உண்டு. அதை மகளிடம் மறைக்காதீர்கள். இடங்களும் சாஃப்ட்வேர் அளவுக்கு இல்லை, அதனால் பைத்தானும் லினக்ஸும் கூடவே ஓட வேண்டும். கேம்பஸ் இன்டர்வியூவைத் தவிர்க்கவும் கூடாது. மகள் தவிர்க்க நினைத்தால், அதில் நான் அவர் பக்கம் இல்லை.

இரண்டு வாரம் ஹெக்ஸ் எண்களைப் பார்த்த பிறகு அலுப்பு தட்டினால் விட்டுவிடட்டும். நஷ்டம் 300 ரூபாய். அலுக்கவில்லை என்றால் மாமா வரும்போது அந்த 77 கிரெடிட் கணக்கை மகளே அவருக்குப் போட்டுக் காட்டட்டும். ஏஐ படிப்புக்கு முன்பணம் கட்டியிருந்தால், ரசீதின் பின்பக்கத்தில் ரத்து விதியைப் பார்த்துவிட்டு இந்த வாரமே எழுத்தில் கேளுங்கள்.